கிராமுக்கு என்ன விலை?

"அண்ணே, கிராமுக்கு எவ்வளவு போடுவீங்க?"

வாரத்துக்கு ரெண்டு பேராவது இப்படிக் கேட்கிறார்கள். கேட்பவர்கள்மேல் தப்பில்லை. 3டி பிரிண்டிங் என்றாலே கிராம் கணக்கு என்று பல இடங்களில் பழக்கி வைத்திருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் விலை சொன்னேன். சொல்லி நஷ்டப்பட்டேன். இன்று ஒரு பொம்மைக்கு 450 ரூபாய், இன்னொன்றுக்கு 6,000 ரூபாய் என்று சொல்கிறேன். ரெண்டும் கைவிரல் உயரம்தான், ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே எடைதான். ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று போனில் விளக்கி விளக்கி, சரி, ஒருமுறை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் பொம்மை எது என்று சொல்லிவிடுகிறேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுகள் உண்டு. 1974-இல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதில் ரொம்பப் பிரபலம். ஆளுக்கு ஒரு கதாபாத்திரம். மேசைமேல் கட்டம் போட்ட விரிப்பு. ஒரு கட்டம் ஓர் அங்குலம், அது கதைக்குள் ஐந்து அடி. அந்தக் கட்டத்தில் உங்கள் ஆளாக நிற்கும் சின்ன உருவத்துக்குத்தான் மினியேச்சர் என்று பெயர். சாதாரண மனிதன் என்றால் ஒரு கட்டத்துக்குள் அடங்குவான். அரக்கன் என்றால் ரெண்டுக்கு ரெண்டு, பெரிய மிருகம் என்றால் மூணுக்கு மூணு என்று கட்டங்கள் கூடும். நான் அச்சடிப்பதில் பெரும்பாலானவை 32 மி.மீ. அளவுக்காரர்கள். மெய்யான மனிதனை ஏறக்குறைய 55-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்த அளவு வரும்.

நாகர்கோவில் வடசேரியில் சித்தப்பா வீட்டு மாடியறைதான் என் பட்டறை. கேட்கிறவர்கள் பெங்களூர், சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் என்று வெளியூர்க்காரர்கள். நம்ம மாவட்டத்தில் இந்த விளையாட்டு ஆடுகிறவர்களை என் கைவிரலில் எண்ணிவிடுவேன்.

கீழே சித்தப்பா கோயில் நகை செய்கிறார். நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அதன் வேர் வடசேரியில்தான். வெள்ளியில் கூடு கட்டி, கெம்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டி, நாட்டியம் ஆடுகிறவர்களுக்கு ராக்கொடி, நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை என்று செய்து தருவார். நான் கிராமுக்கு 15 ரூபாய் என்று விலை வைத்த முதல் மாதத்தில் அவர் மாடிக்கு வந்தார். பொம்மை அடிக்கும் திரவமான ரெசின் பத்து கிராம் செலவான ஒரு வீரன் 150 ரூபாய்க்குப் போகிறான் என்று பெருமையாகச் சொன்னேன்.

"இவனுக்கு எவ்ளோ நேரம் ஆச்சு?"

"ஒரு சாயங்காலம், சித்தப்பா."

"மக்கா, ஒரு ராக்கொடியத் தராசுல போட்டு வெள்ளிக்கு மட்டும் காசு வாங்குனா நான் என்னத்தச் சாப்புடுவேன், கேட்டியா? செய்கூலி எங்க? சேதாரம் எங்க?"

அன்றைக்கே என் விலைப்பட்டியலைக் கிழித்துப் போட்டேன். நகைக்கடைப் படி ஏறிய எந்தத் தமிழனுக்கும் இந்த ரெண்டு சொல்லும் தெரியும். பொருளின் விலை ஒன்று, செய்த கைக்குக் கூலி ஒன்று, செய்யும்போது வீணானது ஒன்று. தங்கத்தில் பொருள்தான் பெரிய தொகை, மற்ற ரெண்டும் அதன்மேல் ஏறும் சதவீதம். என் தொழிலில் அப்படியே தலைகீழ். நான் வாங்கும் ரெசின் கிலோ 2,200 ரூபாய். ஒரு வீரன் அடித்தளத்தோடு ஐந்தரை கிராம், அவனைத் தாங்கி நிற்கும் சப்போர்ட் குச்சிகள் நாலரை கிராம். ஆக பத்து கிராம், 22 ரூபாய். ஒரு நல்ல டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. மீதிப் பணமெல்லாம் எங்கே போகிறது என்பதுதான் கதை.

மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதி புரிந்துவிடும். ஒரு தொட்டியில் திரவ ரெசின். தொட்டியின் அடிப்பக்கம் கண்ணாடி போன்ற மெல்லிய ஃபிலிம். அதற்கு அடியில் எல்சிடி திரை, அதற்கும் அடியில் யூவி என்ற புற ஊதா ஒளி விளக்கு. திரை எந்த இடத்தில் ஒளியை விடுகிறதோ அந்த இடத்து ரெசின் மட்டும் இறுகும். ஓர் அடுக்கு 0.05 மி.மீ. இறுகியதும் மேலே தொங்கும் தட்டு சற்று உயர்ந்து இறங்கும், அடுத்த அடுக்கு இறுகும். பொம்மை தலைகீழாகத் தொங்கியபடியே வளரும். சாய்த்து நிறுத்திய ஒரு வீரன் குச்சிகளோடு சேர்த்து நாலு செ.மீ. உயரம் வருவான். 800 அடுக்கு. அடுக்குக்கு எட்டு ஒன்பது நொடி என்றால் ரெண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

இதில் முக்கியமான விஷயம், ஒவ்வோர் அடுக்கும் மொத்தமாக ஒரே நேரத்தில் இறுகுகிறது. தட்டில் ஒருவன் தொங்கினாலும் பத்துப் பேர் தொங்கினாலும் அதே ரெண்டு மணி நேரம்தான். உயரம்தான் நேரத்தைத் தீர்மானிக்கும், எண்ணிக்கை இல்லை. அதனால்தான் "ஒண்ணு எவ்வளவு?" என்று கேட்பவரிடம் "எத்தனை வேணும்?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

என் கணக்கை அப்படியே வைக்கிறேன். மெஷின், கழுவும் கருவி, காயவைக்கும் கருவி எல்லாம் சேர்த்து 44,000 ரூபாய் ஆனது. 3,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்தால் மணிக்கு 15 ரூபாய். எல்சிடி திரை சுமார் 2,000 மணி நேரத்தில் மங்கும், மாற்ற 6,000 ரூபாய், மணிக்கு 3 ரூபாய். ஃபிலிம் நூறு மணி நேரத்துக்கு ஒன்று, மணிக்கு 6 ரூபாய். கரண்டுக்கு ஒரு ரூபாய் வைத்தால் தாராளம். மொத்தம் மணிக்கு 25 ரூபாய். என் கைவேலைக்கு மணிக்கு 180, அதாவது நிமிடத்துக்கு 3 ரூபாய்.

கணினியில் ஏற்கெனவே செதுக்கித் தயாராக இருக்கும் ஃபைலில் இருந்து ஒரே ஒரு வீரனை அடிக்கிறேன். சப்போர்ட் வைத்து, உருவத்தை அடுக்கடுக்காக ஸ்லைஸ் செய்து, மெஷினைத் தயார் செய்ய 20 நிமிடம். முடிந்ததும் தட்டிலிருந்து எடுத்து, ஐபிஏ என்ற ஆல்கஹாலில் கழுவி, தொட்டி வடிகட்டித் துடைக்க 25 நிமிடம். குச்சிகளை எடுத்துச் சுத்தம் செய்ய 10 நிமிடம். 55 நிமிடத்துக்கு 165 ரூபாய். மெஷின் 50, ரெசின் 22, கையுறை, ஐபிஏ, டிஷ்யூ 15. கூட்டினால் 252. சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 290.

அதே வீரர்கள் பத்துப் பேர் என்றால்? தயாரிப்பு 30 நிமிடம் கூடும், குச்சி எடுக்க நூறு நிமிடம். மொத்தம் 175 நிமிடம், 525 ரூபாய். மெஷின் அதே 50. ரெசின் 220, மற்றவை 35. சேதாரத்தோடு 955. தலைக்கு 95 ரூபாய்தான் வருகிறது. ஒருவனுக்கு 290, பத்துப் பேரில் ஒருவனுக்கு 95. இதன்மேல் டிசைனருக்குக் கொடுக்கும் பங்கு, டப்பா, என் லாபம் எல்லாம் ஏறித்தான் தனி ஆள் 450 ஆகிறான். ஆகவே நண்பர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் கொடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கும் மிச்சம், எனக்கும் ராத்திரி தூக்கம்.

சேதாரம் 15 சதவீதம் என்றேன். அது சும்மா போட்ட எண் என்று நினைக்க வேண்டாம். ஒரு குச்சி வலுவில்லாமல் விட்டுவிட்டால் போதும், பொம்மை தட்டை விட்டு நழுவித் தொட்டி ஃபிலிமில் ஒட்டிக்கொள்ளும். மேலே போகப் போக மெஷினுக்கு அது தெரியாது, வெறுங்காற்றில் அடித்துக்கொண்டே இருக்கும். ஃபிலிமில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் ரெசின் திரைமேல் ஒழுகி இறுகும், அன்றைக்கு 6,000 ரூபாய் போச்சு. அப்புறம் கரண்டு. குளிர்நாட்டுக்காரர்கள் ரெசினைச் சூடாக்கத் தனியாக ஹீட்டர் வைக்கிறார்கள். நம்ம ஊரில் அந்தச் செலவே கிடையாது, வருஷம் பூராவும் ரெசின் எண்ணெய் மாதிரி ஓடும். ஆனால் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை என்று ரெண்டு பருவமும் நமக்குக் கொட்டுமே, காற்றும் சேர்ந்தால் ஏதாவது ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்துவிடும். போன வருஷம் ஒரு ராத்திரி அப்படித்தான். யூபிஎஸ் ஒரு மணி நேரம் தாங்கியது. காலையில் தட்டைத் தூக்கினால் ஒன்பது வீரர்கள், ஒன்பது பேருக்கும் இடுப்புவரைதான் உடம்பு. கவசத்தின் மடிப்பு, வாளுறை வார், பாதத்தில் கட்டிய கச்சை எல்லாம் அவ்வளவு அழகாக வந்திருந்தன. இடுப்புக்கு மேலே ஒன்றுமே இல்லை. அடித்த அரை ஆளோடு இன்னொரு அரை ஆளை ஒட்டி அனுப்ப முடியாது. எல்லோரையும் முதலில் இருந்து அடித்தேன்.

கழிவுக்கும் ஒரு விலை உண்டு. காயாத ரெசின் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு வந்து அப்படியே நிலைத்துவிடும். நீரில் கலந்தால் மீன்களுக்கு விஷம். கழுவிய ஐபிஏவைச் சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேரும் இடம் நமக்குத் தெரியும். ஆகையால் மொட்டைமாடியில் ஒளி புகும் டப்பாவில் வெயிலில் வைத்து, உள்ளிருக்கும் ரெசின் இறுகி அடியில் தங்கியதும் வடிகட்டி மறுபடி பயன்படுத்துகிறேன். வெயில் இல்லாத வாரங்களில் டப்பாக்கள் வரிசை கட்டி நிற்கும். யாராவது என் விலையில் பாதிக்குத் தருகிறேன் என்றால், இந்த டப்பாக்களை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்து உயரம். "32 மி.மீ. 450 என்றால், ரெண்டு மடங்கு உயரமான பூதம் 900 தானே?" என்பார்கள். உயரம் ரெண்டு மடங்கானால் அகலமும் ரெண்டு மடங்கு, தடிமனும் ரெண்டு மடங்கு. ரெசின் எட்டு மடங்கு. இதை நான் வள்ளுவர் சிலையை வைத்து விளக்குவது வழக்கம். 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று திறந்த அந்தச் சிலை, பீடம் 38 அடி போக, 95 அடி உயரம். என் வீரர்களின் அதே அளவுகோலில் சுருக்கினால் வள்ளுவர் மட்டும் 53 செ.மீ. நிற்பார். அவர் காலடியில் 3.2 செ.மீ. உயரச் சுற்றுலாப் பயணி ஒருவன் நிற்பான். உயரத்தில் பதினாறரை மடங்குதான். ஆனால் கன அளவில் 4,500 மடங்கு. பயணிக்கு நாலு மில்லி ரெசின் என்றால் வள்ளுவருக்கு 18 லிட்டர். ரெசின் மட்டுமே நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டும். அதனால் பெரிய உருவங்களை ரெண்டு மி.மீ. தடிமனில் உள்ளே கூடாக்கி, திரவம் வடிய அடியில் துளை விட்டு, துண்டு துண்டாக அடித்து ஒட்டுவோம். ரெசின் குறையும். கூடாக்கி, வெட்டி, ஒட்டி, இணைப்பு தெரியாமல் தேய்க்கும் கைவேலை கூடும். விலை எங்கேயும் காணாமல் போவதில்லை, ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்கு நகர்கிறது.

ஃபைல் விஷயத்தில் நான் கறாராக இருப்பேன். உருவத்தைக் கணினியில் செதுக்கியவருக்கு உரிமை உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று வாங்கிய ஃபைலை அச்சடித்து விற்பது திருட்டு. பல டிசைனர்கள் விற்பனை உரிமத்தை மாதச் சந்தாவாகத் தருகிறார்கள், சந்தா நின்றால் விற்பனையும் நிற்க வேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனை. அந்தச் சந்தா என் விலைக்குள் இருக்கிறது. பெரிய கம்பெனிப் பொம்மையை ஸ்கேன் செய்து அடித்துத் தரச் சொல்லிக் கேட்பவர்களுக்கு இல்லை என்றுதான் பதில். அந்தக் கம்பெனிகள் எஃகு அச்சு வெட்டவே பெருந்தொகை போடுகின்றன. அச்சு வெட்டியபின் பிளாஸ்டிக் பொம்மைகள் ஆயிரக்கணக்கில் மலிவாக விழும், ஆனால் எல்லாம் ஒரே முகம். எனக்கு அச்சுச் செலவே இல்லை. உலகத்திலேயே ஒருவனுக்கு மட்டும் வேண்டிய முகத்தை நான் அடித்துத் தர முடியும். என் தொழிலில் நான் நேசிப்பது இதைத்தான்.

அப்படி வந்த ஆர்டர்தான் அந்த 6,000 ரூபாய். கேட்டவருக்குக் குழித்துறைப் பக்கம் பூர்வீகம், வேலை பெங்களூரில். அவர் தாத்தா அடிமுறை என்ற தற்காப்புக் கலையின் ஆசான். விளையாட்டில் அவருடைய கதாபாத்திரம் தார்பாய்ச்சிய வேட்டியும் கையில் சுருள்வாளுமாக ஒரு வயசான ஆசான். தயார் ஃபைல் எங்கே கிடைக்கும்? ஆசான் நிற்கும் நிலையைத் தாத்தாவின் பழைய போட்டோவில் இருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். பன்னிரண்டு மணி நேரம் செதுக்கினேன். செதுக்கும் வேலைக்கு மணிக்கு 350 ரூபாய், ஆக 4,200.

உடம்பு முதல் தடவையே நன்றாக வந்தது. சுருள்வாள்தான் உயிரை எடுத்தது. மெய்யான சுருள்வாள் ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் சுருக்கிய அளவில் 27 மி.மீ. வரும், அது பரவாயில்லை. தடிமன்? மெய்யான தகடே ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. 55-ஆல் வகுத்தால் என் மெஷின் போடும் ஓர் அடுக்கில் பாதிகூடத் தேறாது. எனவே பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். 0.5 மி.மீ. வைத்தேன். கழுவும்போதே ஒடிந்தது. 0.6 வைத்தேன். கழுவலில் தப்பியது. குச்சிகளை வெந்நீரில் முக்கினால் இளகிக் கழன்றுவரும், அப்படி எடுக்கும்போது கடைசிக் குச்சி வாளின் நுனியையும் சேர்த்துக் கொண்டு போனது. மூன்றாவதில் 0.8. ஒடியவில்லை, ஆனால் வாள் மாதிரி இல்லை, ரப்பர் குழாய் மாதிரி இருந்தது. அதையும் தூக்கிப் போட்டேன். பிறகு கைப்பிடிப் பக்கம் 0.8-இல் ஆரம்பித்து நுனியில் 0.6-ஆக மெலிய வைத்து, விளிம்பை மட்டும் கூராக்கி, சுழலும் வாளின் ஒரு வளைவை ஆசானின் வேட்டி நுனியோடு தொடும்படி இழைத்தேன். தொட்ட இடமே தாங்கு. நாலாவது ஆசான் முழுசாக வந்தார். கண் அருகே வைத்துப் பார்த்தால் வேட்டியின் கீழ்மடிப்பில் காற்று புகுந்திருப்பது தெரியும்.

தடவைக்கு 252 என்று நாலு தடவைக்கும் சேர்த்து அடித்த செலவு 1,008 ரூபாய். நடந்த சேதாரத்தை நடந்தபடியே எழுதிவிட்டதால் தனியாகச் சதவீதம் போடவில்லை. டப்பாவும் கூரியரும் 150. மொத்தம் 5,358. 6,000 என்று சொன்னேன், அவர் பேரம் பேசவில்லை. இந்த ஃபைலை வேறு யாருக்கும் விற்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தேன். பிறருக்கும் விற்க அனுமதித்திருந்தால் செதுக்கிய கூலியில் பாதியைக் குறைத்திருப்பேன். தாத்தாவின் உருவம் ஊருக்கெல்லாம் விற்பனைக்குப் போவதில் அவருக்கு விருப்பம் இல்லை. எனக்கும் அதுவே சரியாகப் பட்டது.

மூன்று மாதம் கழித்து, தன் அப்பாவுக்கும் ஒன்று வேண்டும் என்றார். 450 என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முதல் தடவை தன்னை ஏமாற்றிவிட்டேனோ என்று சந்தேகப்பட்டிருப்பார். ஆசானைச் செதுக்கியாயிற்று, வாளுக்கு அளவு கண்டுபிடித்தாயிற்று, இனி அடிக்கும் கூலி மட்டும்தானே என்று சொன்னேன். "அப்படின்னா ரெண்டு குடுங்க, என் சித்தப்பாவுக்கும்," என்றார். ரெண்டும் ஒரே தட்டில் தொங்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

முதல் ஆசானைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் கீழே கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் காட்டினேன். அவர் நகைத் தராசை எடுத்து ஆசானை மேலே நிறுத்தினார். ஐந்தரை கிராம். விலையைச் சொன்னேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஆசானை விளக்கடியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். வாள் நுனியில் நிறுத்தி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எத்தன ஒடஞ்சுது?"

"ரெண்டு ஒடஞ்சுது. ஒண்ண நானே வேண்டாம்னு போட்டேன்."

"அந்த மூணையும் கணக்குல சேத்தியா?"

"சேத்துட்டேன், சித்தப்பா."

"சரி," என்று ஆசானை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, பாதியில் விட்ட ராக்கொடிக்குத் திரும்பினார்.